போக்கியத்தில் போட்ட பணம்

என் வீட்டுக்காரர் இறந்ததற்குக் கம்பெனியில் கொடுத்த பணத்தை நாங்கள் செலவு செய்யவில்லை. ஒரு வீட்டில் போட்டோம். வீடு வாங்கவில்லை, வீட்டில் போட்டோம். தெற்கே இதை ஒத்தி என்பார்களாம். எங்கள் ஓசூரில் போக்கியம். பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் லீஸ் என்பார்கள். ஓனர் கையில் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் கொடுத்த தொகையைப் பைசா குறையாமல் திருப்பித் தருவார், நாம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனால் இன்னொரு மூன்று வருஷத்துக்குப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம்.

எங்களைப் போல ஆட்களுக்கு அதைவிட நல்ல வழி தெரியாது. பணத்தை பேங்கில் வைத்தால் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கைமாற்றுக் கேட்பார்கள், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நகையாக வாங்கலாம் என்றால் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சம். வீட்டில் போட்டுவிட்டால் யாரும் கேட்க முடியாது. தலைக்கு மேல் கூரை இருக்கும், பணமும் அப்படியே இருக்கும். அப்படியே இருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் என் மகள் திரும்பி வந்திருந்த சமயம் அது. உன் அப்பா எங்கேயும் போகவில்லை, இந்தச் சுவருக்குள்தான் இருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். பணத்தைத்தான் அப்படிச் சொன்னேன்.

வீடு கெலவரப்பள்ளி அணைப் பக்கம். ஒரே சுவரில் ஐந்து வீடுகள் ஒட்டிக் கட்டின லைன். முன்னால் ஒரு ரூம், அதற்குப் பின்னால் சமையல், அதற்கும் பின்னால் குளிக்கிற இடம். மழைக்காலத்தில் அணையிலிருந்து கழிவுத் தண்ணீரின் வெள்ளை நுரை பறந்து வந்து கொடியில் காயப்போட்ட புடவையில் ஒட்டிக்கொள்ளும். கையால் தொடாதே என்பாள் மகள். லைனுக்குப் பின்னால் ஓனருடைய ஷெட். அவருடைய அப்பா காலத்தில் ராகி விளைந்த நிலம், இவர் தகரம் போட்டு மெஷின் இறக்கினார். ரப்பரைச் சூடுபண்ணி அச்சில் வைத்து அழுத்தி வளையம் வளையமாக எடுக்கிற மெஷின். இன்ஜினில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற வளையம் என்று சொன்னார்கள். ஊரில் ஒரு பெரிய கம்பெனிக்கு அதைக் கொடுப்பார். அவர்கள் தங்கள் சாமானோடு சேர்த்துக் கப்பலில் அனுப்புவார்கள்.

அச்சிலிருந்து வருகிற வளையத்தின் ஓரத்தில் மெல்லிசாகப் பிசிர் நிற்கும். அதைச் சின்னக் கத்தரியால் சுற்றிவர வெட்டி எடுக்க வேண்டும். லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்தே அந்த வேலையைச் செய்தோம். மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள், வெட்டினதை எடை போட்டு எடுத்துப்போவார்கள். எனக்கு அது பிடித்த வேலை. யாரோடும் பேச வேண்டாம், குனிந்த தலையை நிமிர்த்த வேண்டாம். நான் பேச வேண்டியதையும் சேர்த்துப் பக்கத்து வீட்டுக்காரி பேசிவிடுவாள். காவேரிப்பட்டினத்திலிருந்து பிழைக்க வந்தவள், அவளுக்கு மாத வாடகை.

ஓனர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர் என்னைப் பாட்டி என்கிற அர்த்தத்தில் அவ்வா என்றுதான் கூப்பிடுவார். "அவ்வா, நீ வெட்டுற வளையம் அமெரிக்காவுக்குப் போவுது, தெரியுமா உனக்கு?" என்று ஷெட்டுக்குப் போகிற வழியில் நின்று கேட்பார்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். காவேரிப்பட்டினத்துக்காரி சும்மா இருக்க மாட்டாள். "வளையம் போவுது ஓனரே. வெட்டினவளுக்கு ராயக்கோட்டைக்கு பஸ் ஏறவே கூலி பத்தல."

"உன் வாய்க்கு நீ கப்பலே ஓட்டலாம்."

"ஓட்டறேன், வாங்கிக் குடு."

அந்த வருஷங்களில் விலை ஏறவில்லை என்று சொல்ல மாட்டேன். அரிசி ஏறும், வெங்காயம் ஏறும், பிறகு இறங்கவும் இறங்கும். ஆனால் சில சாமான்கள் ஏறவே இல்லை. பிளாஸ்டிக் குடம், டார்ச் லைட், சுவர்க் கடிகாரம், மார்கழிக் குளிருக்குப் போடுகிற சொட்டர். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிளாட்பாரத்தில் குவித்துப் போட்டு, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று ஒருவன் கூவிக்கொண்டிருப்பான். வருஷம் மாறும், அவன் கூவுகிற விலை மாறாது. எப்படிடி கட்டுப்படி ஆகிறது என்று ஒரு தரம் மகளைக் கேட்டேன்.

"இதையெல்லாம் செஞ்சி அனுப்பற நாட்டுலயும் உன்னை மாதிரி ஒரு அம்மா உக்காந்து பிசிர் வெட்டிக்கினு இருக்கும்மா" என்றாள்.

அதைக் கேட்டபிறகு அந்த அம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவள் கை எனக்கு மலிவு, என் கை வேறு யாருக்கோ மலிவு. அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. அது ஒரு நாள் நிற்கும் என்று தோன்றவில்லை. தண்ணீர் பைப்பில் வந்துகொண்டிருக்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்று யார் நினைக்கிறார்கள்.

மூன்று வருஷம் முடிந்து ஒரு தரம், இன்னொரு மூன்று முடிந்து ஒரு தரம், பத்திரத்தைப் புதுசாக எழுதினோம். ஓனர் தொகையை ஏற்றிக் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று நாங்கள் ஊரெல்லாம் சொன்னோம். எங்கள் பணம் ஆறு வருஷமாக அப்படியே இருக்கிறது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது.

அப்படி இரண்டாவது தரம் புதுசாக எழுதின சமயத்தை ஒட்டித்தான் ஒவ்வொன்றாக மாறிற்று. யாரும் வந்து தண்டோரா போடவில்லை. முதலில் எண்ணெய். எங்கேயோ சண்டை என்று பாக்கெட் எண்ணெய் ஏறினது. ஏறட்டும், இறங்கும் என்று பாமாயிலுக்கு மாறினேன். பாமாயிலும் ஏறினது. சண்டைக்காரர்களைப் பற்றின பேச்சு டீக்கடையில் ஓய்ந்துவிட்டது, எண்ணெய் பழைய இடத்துக்கு வரவே இல்லை. கொஞ்சம் இறங்கும், இறங்கினதைவிட அதிகம் ஏறும். துணி சோப்பு அதே விலையில்தான் இருந்தது, கையில் எடுத்தால் மெலிந்திருந்தது.

ஒரு நாள் ஓனர் மூட்டைகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஷெட்டில் ஒரு ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தார். "கடல்ல வழி சரியில்லையாம் அவ்வா. கப்பல் சுத்திக்கினு போவுது. சுத்தின வழிக்கு வாடகை ஏத்திட்டான். ரப்பரும் ஏறிப்போச்சு, அதுல கலக்கற கருப்புப் பவுடரும் ஏறிப்போச்சு. வளையத்துக்கு மட்டும் பழைய விலைதான் குடுப்பானாம்."

"எங்க கூலி மாதிரி" என்றாள் காவேரிப்பட்டினத்துக்காரி.

அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பிறகு கம்பெனிகள் வந்தன. முன்பும் கம்பெனி உண்டு, ஓசூரே கம்பெனியால் வந்த ஊர்தானே. இது வேறு மாதிரி. நடந்தால் முடியாத நீளத்துக்கு மதில் சுவர். காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்பிள்ளைகள், வடக்கத்திப் பிள்ளைகளும், நம் பக்கத்துப் பிள்ளைகளும், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு. செல்போன் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் என் மகளுக்கும் வேலை கிடைத்தது. துணிக்கடையில் நின்றபோது வாங்கினதைவிட நல்ல சம்பளம். அன்றைக்கு அவள் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து லைன் முழுக்கக் கொடுத்தாள்.

இவ்வளவு நாள் வெளிநாட்டில் செய்துகொண்டிருந்ததை ஏன் இங்கே கொண்டுவருகிறார்கள் என்று கேட்டேன். பெரிய நாடுகளுக்குள்ளே மனஸ்தாபம் என்றாள். ஒரே கடையில் எல்லாச் சாமானும் வாங்கினால் அந்தக் கடைக்காரன் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்களாம். அதனால் இங்கே ஒரு கடை, இன்னொரு நாட்டில் ஒரு கடை என்று பிரித்துப் போடுகிறார்களாம்.

"அங்க செய்யறதுக்கு இங்க செய்யறது செலவு கம்மியா?"

"இல்லம்மா. கூடத்தான் ஆவுதுன்னு எங்க சூப்பர்வைசரே சொல்றாரு."

"கூட ஆவறதை யாரு குடுப்பா?"

"எல்லாரும்தான். கொஞ்சம் கொஞ்சமா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நின்றுகொண்டே செய்கிற வேலை, அவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

அவளுக்குச் சம்பளம் ஏறினதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நாளில் பயமாக மாறினது. காவேரிப்பட்டினத்துக்காரிதான் அதையும் முதலில் சொன்னாள். "உன் பொண்ணுக்கு சம்பளம் ஏறினது எனக்கு முந்தி தக்காளிக்காரனுக்குத் தெரிஞ்சிடுச்சுக்கா." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் ராயக்கோட்டை மண்டியில் விலை இல்லாமல் ரோட்டில் கொட்டினார்கள் என்று கேள்விப்பட்ட அதே வாரத்தில், எங்கள் தெருமுனையில் தக்காளி விலை இறங்கவில்லை. வண்டி வாடகை, கடை வாடகை என்று கடைக்காரன் வேறு கணக்குச் சொன்னான். ஆட்டோ ஏறினது. கேன் தண்ணீர் ஏறினது. எதிர் லைனில் மாத வாடகையை விட்டுவிட்டுக் கட்டில் கணக்குக்கு மாறினார்கள். ஒரு ரூமில் இத்தனை கட்டில், ஒரு கட்டிலுக்கு இவ்வளவு. வீட்டுக்கு வாடகை என்று இருந்தது ஆள் படுக்கிற நீளத்துக்கு வாடகை என்று ஆனது.

நாங்கள் மட்டும் ஒன்றும் கொடுக்காமல் உள்ளே இருந்தோம். மழையில் எல்லாரும் நனையும்போது குடைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. எங்களுக்குப் போக்கியம் இருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

மூன்றாவது கெடு வருகிற தை மாசம் முடிகிறது என்று இருந்தபோது, அந்த ஆடியிலோ ஆவணியிலோ, அமெரிக்காவில் நம் சாமானுக்கு வரியை ஏற்றிவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே கத்தரிக்காய் நறுக்கினேன். அவர்கள் ஊரில் அவர்கள் போடுகிற வரி, நமக்கென்ன என்று இருந்தது.

அடுத்த வாரம் வெட்டின வளையத்தை எடுத்துப்போகக் கம்பெனி வண்டி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஷெட்டில் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் பழைய ஆர்டரை நம்பி ரப்பரை வாங்கிப்போட்டுவிட்டார், நிறுத்தினால் அச்சும் கெடும் ஆளும் போய்விடுவான் என்று ஓட்டினார். ஷெட் நிறைந்துவிட்டது. ஒரு காலையில் என் வாசலில் வந்து நின்றார்.

"அவ்வா, கொஞ்ச நாளைக்கு உன் முன் ரூம்ல நாலு மூட்டை வச்சிக்கட்டுமா? ஷெட்டு ஒழுவுது, நனைஞ்சா போச்சு."

முடியாது என்று நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினேன். நாலு மூட்டை வந்தது. பிறகு இன்னும் வந்தது. சுவரோரம் அடுக்கினார்கள், அது மேலே ஏறி ஜன்னலை மறைத்தது. பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. புது ரப்பர் வாசனை சோற்றில், துணியில், தலைமுடியில் எல்லாம் ஏறினது. மகளோடு வேலை செய்கிற பெண்கள் உன் மேல் டயர்க் கடை வாசனை வருகிறது என்றார்களாம். படுக்கிற இடம் குறைந்துபோய், அவள் முன் ரூமிலும் நான் சமையல் ரூமிலும் படுத்தோம்.

ஒரு நாள் மெஷின் சத்தம் நின்றது. ஒன்பது வருஷமாக அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவளுக்கு, அது நின்றதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. காவேரிப்பட்டினத்துக்காரி கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உன் பணம் யாருகிட்ட இருக்குது?"

"ஓனர்கிட்ட."

"ஓனர் எதுல போட்டாரு?"

நான் மூட்டைகளைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடு வர்ற வரைக்கும் பாத்துக்கினு இருக்காத. இப்பவே வாயைத் தொறந்து கேளு. ஆம்பளைங்க மூழ்கும்போது சத்தமே வராது."

மகளுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட், ஓனர் வெளியே போன பிறகுதான் திரும்புவாள். அதனால் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் யாரிடமும் பணம் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை, கூலியைக்கூட அவர்களாகக் கொடுக்கும்வரை நிற்பேன். புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு ஷெட் வாசலுக்குப் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் பேர், திரை அணைந்து கிடந்தது.

"என்ன அவ்வா?"

"தை வருது."

"ஆமா."

"கெடு."

அவர் எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபம் வரவில்லை. என்னோடு நடந்து வந்து என் வீட்டு வாசலில் நின்று உள்ளே கையைக் காட்டினார். "உன் பணம் அதுலதான் இருக்குது அவ்வா. நான் குடிச்சி அழிக்கல, சீட்டாடல. ரப்பரா வாங்கினேன், வளையமா பண்ணேன். நீயேதான் வெட்டின."

"வேற யாருக்காச்சும் விக்க முடியாதுங்களா?"

"இந்த அளவு அந்த ஒரு இன்ஜினுக்குத்தான் சேரும். வேற எதுலயும் மாட்டாது."

காவேரிப்பட்டினத்துக்காரி அவள் வாசலிலிருந்து, "அப்ப கொலுசுக்குப் பதிலா கால்ல மாட்டிக்கலாம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவளும் உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்த மகளிடம் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று பயந்தேன். அவள் மூட்டை ஒன்றைப் பிரித்து ஒரு வளையத்தை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா இந்தச் சுவருக்குள் இருக்கிறார் என்று நான் சொன்னதை அவள் எனக்கு நினைவுபடுத்தவில்லை. அதுவரைக்கும் நல்லது.

அந்தக் கார்த்திகை மார்கழி முழுக்க நாங்கள் அந்த வீட்டைக் காவல் காத்தோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போவதில்லை. பணம் வாங்காமல் வீட்டை விட்டால் பணமும் இல்லை, வீடும் இல்லை என்று அவளுடைய கம்பெனியில் யாரோ சொல்லிவிட்டார்கள். கிருஷ்ணகிரியில் என் அண்ணன் மகள் வளைகாப்புக்கு அவள் மட்டும் போய் வந்தாள். வாசலில் பைக் நின்றால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஓனர் கடன் வாங்கியிருந்த பேங்கில் இருந்து இரண்டு பேர் ஷெட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், லைனையும் எடுத்தார்கள். நான் சமையல் ரூமில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், என்னையும் எடுத்துவிடுவார்கள் போல.

கடைசியில் வந்தது பேங்க் இல்லை. கட்டில் கணக்குக்கு ஹாஸ்டல் நடத்துகிற ஆள் வந்தார். எதிர் லைனை எடுத்தவர்தான். ஐந்து வீட்டையும் மொத்தமாகக் கொடுத்தால் பெரிய அட்வான்ஸ் தருவேன் என்று ஓனரிடம் சொன்னார். டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக அளந்தார். எங்கள் முன் ரூமில் மூட்டைகளுக்குப் பின்னால் சுவரைத் தொட முடியாமல், "இது காலி பண்ணா நாலு கட்டில் போடலாம்" என்றார்.

ஓனர் மெஷினையும் விற்றார். வளைய மூட்டைகளை வாங்கிக்கொள்ள ஒரு பழைய டயர்க்காரர் வந்தார், எடைக்கு எடுத்துப்போனார். அப்புறம் ஓனர் எங்கள் வாசலுக்கு வந்து என் மகளின் செல்போன் நம்பரைக் கேட்டார். அவர் தம் போனில் ஏதோ அழுத்தினார், இவள் போன் ஒரு சத்தம் போட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் நாங்கள் கொடுத்த தொகை, மொத்தமும் வந்துவிட்டது.

"பைசா குறையல, பாத்துக்கம்மா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எங்கப்பா பேரைக் கெடுக்காம குடுத்துட்டேன் அவ்வா."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நிஜமாகவே கும்பிட்டேன். அவர் ஏமாற்றியிருக்கலாம், ஏமாற்றவில்லை. அன்றைக்கு நான் நிம்மதியாகப் படுத்தேன் என்று சொல்ல வேண்டும். மூட்டை போன ரூம் பெரிதாக இருந்தது, ஜன்னலில் வெளிச்சம் வந்தது.

மறுநாள் வீடு தேடப் புறப்பட்டோம். புரோக்கர் தொகையைக் கேட்டார். மகள் சொன்னாள். அவர் எங்களைப் பார்த்து, "மாச வாடகைக்கு அட்வான்ஸாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. போக்கியத்துக்கு."

அவர் காதைச் சொறிந்தார். இந்தத் தொகைக்கு இப்போது ஓசூருக்குள் போக்கியம் கிடையாது, பாகலூர்ப் பக்கம் இல்லை, சூளகிரிப் பக்கமும் இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் இருந்த வீட்டையே கேட்டால் எவ்வளவு என்று மகள் கேட்டாள். அவர் சொன்ன தொகையை நான் இங்கே எழுதவில்லை. திரும்பி வரும்போது மகள் சொன்னாள், "நம்ம பணத்துக்கு இப்ப அந்த வீட்டுக் கதவு மட்டும்தாம்மா வரும்."

பணம் அப்படியே இருக்கும் என்று எல்லாரும் சொன்னது பொய் இல்லை. அப்படியேதான் இருந்தது. மற்றதெல்லாம் எழுந்து நடந்து போய்விட்டது, அது மட்டும் போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தது. எங்கள் லைனில், எதிர் லைனில், எனக்குத் தெரிந்த எத்தனையோ குடும்பம் இதே மாதிரி சாவுப் பணத்தையும் நகை விற்ற பணத்தையும் போக்கியத்தில் போட்டுவிட்டுப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது. ஓனர் ஓடிப்போனால் என்ன செய்வது என்றுதான் எல்லாரும் பயந்தோம். திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது என்று ஒருவரும் பயப்படவில்லை.

காவேரிப்பட்டினத்துக்காரியும் காலி செய்தாள். மினி லாரியில் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டு, "ஏன்க்கா, முழுசா வந்துடுச்சுல்ல? அப்புறம் என்னத்துக்கு மூஞ்சை இப்படி வச்சிருக்கிற?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்டாள். ஊருக்குப் போய் ஆற்றங்கரைப் பக்கம் கீரை போடப்போகிறேன் என்றாள், அவளுக்கு அங்கே கால் காணி நிலமாவது இருக்கிறது.

அந்தத் தொகைக்கு எங்களுக்குப் போக்கியம் கிடைத்தது ராயக்கோட்டைப் பக்கம். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் ஒரு ரூம், மேலே சிமென்ட் ஷீட். ஓனர் ஒரு விவசாயி, மரியாதையானவர். பத்திரம் எழுதும்போது மூன்று வருஷம் என்று நான் வாய்க்குள் சொன்னேன். அவர், "இப்பல்லாம் பதினோரு மாசத்துக்குத்தான் எழுதறாங்கம்மா. அதுக்கப்புறம் நிலவரத்தைப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

அங்கே கம்பெனி பஸ் வராது. இருட்டில் விடுகிற ஷிப்டுக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வேலையை விட்டால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை. மகள் ஹாஸ்டலில் ஒரு கட்டில் எடுத்துக்கொண்டாள். எந்த ஹாஸ்டல் என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். எங்கள் லைன்தான். சுண்ணாம்பு அடித்து ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்களாம். எங்கள் முன் ரூமிலேயே நாலு கட்டிலில் ஒன்று அவளுக்கு விழுந்தது. மற்ற மூன்றிலும் படுக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சுவரில் ஆணி எங்கே இருக்கிறது, எந்த மூலையில் மழைக்கு ஒழுகும் என்று அவளுக்கு மட்டும் தெரியும், அதனால் ஒழுகாத கட்டிலை எடுத்துக்கொண்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வாரத்துக்கு ஒரு நாள் வருவாள். மற்ற நாளில் நான் ஓனர் தோட்டத்தில் தக்காளி தரம் பிரிக்கிறேன், அழுகினதை ஒதுக்குகிறேன்.

போன மாசம் ஒரு காலையில் தோட்டத்து வரப்பில் மூன்று கால் கருவியை நிறுத்தி மூன்று நாலு பேர் அளந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு ஆள் கல்லை நட்டுச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டே வந்தான். ஓனர் அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். கம்பெனி வருதாம், வெளிநாட்டுக் கம்பெனியாம், நம்ம பிள்ளைங்களுக்கு வேலை என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி அவர்களுக்கு மோர் கலக்க ஓடினாள். அவர்கள் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நாங்களும் மைசூர்பாகு கொடுத்தவர்கள்தானே.

ஓனர் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வழக்கம்போலத் திரும்பாமல் நின்றேன். என்னம்மா என்றார்.

"எது வரைக்கும் வருதுங்க?"

அவர் குடித்துக்கொண்டே இன்னொரு கையை நீட்டினார். அந்தக் கை தோட்டத்தைக் காட்டினது, நான் இருக்கிற ரூமைக் காட்டினது, அதைத் தாண்டிக் கோட்டை மலைப் பக்கம் போனது. "அதுக்கும் அந்தாண்டைம்மா. இனிமே இந்த இடத்து விலையெல்லாம் கையில பிடிக்க முடியாது" என்றார்.

சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். சாயங்காலம் மகள் போன் செய்தாள். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். கல் நட்டதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், ஹாஸ்டலில் அடுத்த மாசத்திலிருந்து கட்டிலுக்கு வாடகை ஏற்றப்போகிறார்கள் என்று அவள் ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.